96 பாகையில் கொதித்த தண்ணீர்: தோட்டப் பள்ளியில் கேள்வி வழியாகக் கற்பிப்பது எப்படி

எட்டாம் தரப் பிள்ளைகளிடம் ஒரு நாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலை பார்க்கச் சொன்னேன். புத்தகத்தில் 100 பாகை செல்சியஸ் என்று இருக்கிறது. தண்ணீர் குமிழி விட்டுப் பொங்கியது, ஆவி பறந்தது, வெப்பமானி மட்டும் 96க்கு மேல் ஏறவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். அசையவே இல்லை. "டீச்சர், இது பழுது" என்றான் வெப்பமானியைப் பிடித்திருந்த பையன்.

நான் ஆசிரியராக வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் இதே சோதனையில் இதே 96 வந்தது. அப்போது நான், "சாமான் பழசு, நீங்கள் 100 என்று எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். தங்கள் கண்ணால் கண்டதை அடித்துவிட்டு, காணாததை எழுதப் பழக்கியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது கொழும்பில் வேலை செய்கிறார்கள். அவர்களை வழியில் காணும்போது அந்தப் பாடம் நினைவுக்கு வரும்.

எங்கள் பள்ளி இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். ஆகவே இங்கே 96 என்பதுதான் சரியான விடை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க விட்டபோது நான்கு பாடவேளை பிடித்தது. அந்த நான்கு பாடவேளையில் நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் இருந்தேன் என்பதை வைத்தே இந்த முறையைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி எடுத்து, 17 வருடமாகத் தோட்டப் பள்ளிகளில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடம், புரொஜெக்டர் எதுவும் இல்லாத பள்ளிகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

"இது பழுது" என்று அவன் சொன்னதும் நான் கேட்டது ஒரே கேள்வி: "பழுதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பிள்ளை, "வேற ஒண்ணுல பார்க்கலாம்" என்றாள். பள்ளியில் இருந்த மற்ற இரண்டு வெப்பமானிகளையும் எடுத்தோம். இரண்டிலும் 96. "மூணுமே பழுதா இருந்தா?" என்றான் முதல் பையன். அது நல்ல சந்தேகம். "எந்த வெப்பநிலை நமக்கு உறுதியாகத் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் டவுனில் இருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு போனேன். உருகிக்கொண்டிருந்த ஐஸில் மூன்றையும் வைத்தார்கள். மூன்றும் பூச்சியத்தில் நின்றன. அங்கே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வெப்பமானி, கொதிநீரில் மட்டும் பொய் சொல்லாது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

அப்போது ஒரு பிள்ளை சொன்னது: "எங்க மாமா கொழும்புல ஹோட்டல்ல சமைக்கிறாரு. ஊருக்கு வந்தா இங்க பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னு சொல்லுவாரு." வகுப்பே திரும்பிப் பார்த்தது. இரண்டு கருத்துகள் வந்தன. ஒரு பக்கம், இங்கே குளிர், அதனால்தான் என்றார்கள். மற்றப் பக்கம், நாம் உயரத்தில் இருக்கிறோம் என்றார்கள். விடை எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்டது, "குளிர்தான் காரணம் என்றால் எதைச் செய்து பார்க்கலாம்?" பனி மூடியிருந்த ஒரு காலை 8 மணிக்கும், நல்ல வெயில் அடித்த இன்னொரு நாள் பகல் 12 மணிக்கும் கொதிக்க வைத்தார்கள். இரண்டு தரமும் 96. குளிர்க் கட்சி தானாகவே தோற்றது. யாரும் யாரையும் பரிகசிக்கவில்லை. அளவு சொன்னதால் ஏற்றுக்கொண்டார்கள்.

என்னோடு பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி மட்டக்களப்பில் கற்பிக்கிறாள். அவளுடைய வகுப்பில் அளந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். அங்கே 100. இப்போது வரைபடத்தாளில் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன: கடற்கரை, எங்கள் பள்ளி. இரண்டையும் கோட்டால் இணைத்து நீட்டி, "நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே எத்தனை பாகையில் கொதிக்கும்?" என்று கேட்டேன். ஒவ்வொருவரும் தன் கொப்பியில் பேனாவால் எழுத வேண்டும். பெரும்பாலோர் 94 என்று எழுதினார்கள். நுவரெலியாவிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர் அன்றிரவு தன் வீட்டு அடுப்பில் அளந்து வந்தார். 94. வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் 'வளிமண்டல அமுக்கம்' என்று எழுதினேன். மேலே போகப் போக நம்மை அழுத்தும் வளியின் அளவு குறைகிறது, அமுக்கம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும் என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் ஒருவரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

இந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியில் தொடக் கூடாது, தொட்டால் அளவு கூடக் காட்டும். நூலில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. அடுப்பைச் சுற்றி ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் நிற்க விடாதீர்கள். இரச வெப்பமானி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள், இரசத்தைக் கையால் தொட விடாதீர்கள்.

முதலில் விளக்கமா, தேடலா?

2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு ஆறாம் தரத்துக்கும் பத்தாம் தரத்துக்கும் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் வந்தபோது, ஐந்து கட்டக் கற்பித்தல் முறையையும் நமக்குத் தந்தார்கள். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல். இது 1980களில் அமெரிக்காவில் உயிரியல் பாடத்திட்டம் தயாரித்த ஒரு குழு வகுத்த முறை. ஆசிரியர் வழிகாட்டியில் இந்த ஐந்தையும் எல்லோரும் பார்த்திருப்போம். பாடக்குறிப்பிலும் எழுதுகிறோம். ஆனால் வகுப்புக்குள் போனதும் மூன்றாவதை முதலாவதாக்கிவிடுகிறோம். விளக்கிவிட்டு, பிறகு "செய்து பாருங்கள்" என்கிறோம். முடிவு தெரிந்த பிறகு பிள்ளை எதைத் தேடும்? நாம் சொன்னது வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் வந்ததாக எழுதிவிடும். நான் அந்த 100ஐ எழுத வைத்தது போல.

ஆகவே உங்கள் பாடக்குறிப்பில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். விளக்கத்தைத் தேடலுக்குப் பின்னால் தள்ளுங்கள். கலைச்சொல்லையும் அப்படியே. எங்கள் பிள்ளைகளுக்கு 'ஆவியாதல்' என்ற சொல் புத்தகத்தில்தான் வருகிறது, 'கொழுந்து வாடுது' என்பது நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். முதலில் வாடுவதைப் பற்றிப் பேசட்டும். கையில் அனுபவம் இருக்கும்போது கொடுக்கும் பெயர் மறக்காது.

கேள்வியை எங்கே எடுப்பது

நல்ல கேள்வி என்றால் பிள்ளை அதற்குத் தன் சொந்தக் கருத்து ஒன்றைச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், அந்தக் கருத்து சரியா என்று அளந்தோ, வெட்டி ஒட்டியோ, எண்ணியோ பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "ஒளித்தொகுப்பு என்றால் என்ன?" என்பது தேடலுக்கு உதவாது. "ஒரே நாள் நட்ட போஞ்சி, வீட்டு ஓரத்தில் நட்டது மட்டும் ஏன் மெலிந்து நீண்டு போயிருக்கிறது?" என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தண்ணீர் என்பார்கள், உரம் என்பார்கள், கோழி கிளறியது என்பார்கள். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். எதைச் சோதிக்கலாம் என்று அவர்களே தெரிவு செய்யட்டும்.

கொழுந்து எங்கள் ஊரில் பெரிய கேள்வி ஊற்று. நான் செய்தது இது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தேயிலைச் செடிகளில் இருந்து நானே கொழுந்து பறித்துக்கொண்டு போனேன். சமையலறைத் தராசில் 100 கிராம் படி நான்கு கூறு போட்டோம். ஒன்று நிழலில் மெலிதாகப் பரப்பியது, ஒன்று வெயிலில் பரப்பியது, ஒன்று காற்று வரும் ஜன்னல் ஓரத்தில் தொங்கவிட்ட துணியில், ஒன்று பையில் அமுக்கிக் கட்டியது. எது அதிகம் எடை குறையும்? முதலில் எழுதினார்கள். பிறகு காலையிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை எடை பார்த்தார்கள். பள்ளி விடும்போது ஜன்னல் ஓரத்துக் கொழுந்து 84 கிராம், பைக்குள் இருந்தது 96. பைக்குள் இருந்தது சூடாகவும் இருந்தது. ஏன் சூடு என்று கேட்டார்கள். பறித்த பிறகும் இலை சுவாசிக்கிறது என்பதை அடுத்த கிழமை சொன்னேன்.

இதே தரவு சதவீதத்துக்கும் வரைபுக்கும் போதும். தொழிற்சாலையில் 1 கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவை என்று சொல்லி, மீதி எங்கே போனது என்று கேளுங்கள். இஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் தகப்பன் உள்ள பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து வகுப்புக்குச் சொல்வார்கள்.

இங்கே இரண்டு விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு மலையில் கொழுந்து பறிக்க வைக்காதீர்கள், பாடத்துக்காகக்கூட. அந்தக் கூடை தன் பிள்ளையின் முதுகில் ஏறக் கூடாது என்றுதான் அம்மாமார் அவர்களைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இன்னொன்று என் தவறு. இடை (சராசரி), இடையம் (நடுவில் வரும் எண்), ஆகாரம் (அதிக தடவை வரும் எண்) படிப்பிக்க ஊர்த் தரவு நல்லது என்று எண்ணி, "நேற்று உங்கள் அம்மா எத்தனை கிலோ எடுத்தார்?" என்று வகுப்பில் வரிசையாகக் கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து நின்று பேசாமலே இருந்தாள். அவளுடைய அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். இன்னொருவனின் அம்மாவுக்குச் சுகமில்லை, அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) கிடைத்திருந்தது, அதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டி வந்தது. அன்றைக்கு நான் எந்த இடையையும் படிப்பிக்கவில்லை. இப்போது பள்ளிக்கு நடந்து வர எத்தனை நிமிடம், லயத்திலிருந்து பள்ளிவரை எத்தனை படி, ஒரு பீலியில் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று கேட்கிறேன். தரவு யாரையும் தலைகுனிய வைக்கக் கூடாது.

கேட்ட பிறகு என்ன செய்வது

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்த நேரம் ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கனோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று செக்கன் என்பது சின்ன நேரம்போல் தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், தாங்க முடியாது. நான் மனத்துக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுகிறேன். எண்ணி முடியும்வரை யாரையும் பார்த்துத் தலையாட்டுவதில்லை.

அப்புறம் 'சரி' என்ற சொல். யாராவது பதில் சொன்னதும் "சரி, கெட்டிக்காரன்" என்று நாம் சொல்லிவிட்டால் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பதில் சரியாக இருந்தாலும், பிழையாக இருந்தாலும் ஒரே முகத்தோடு "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "வேறு மாதிரி யோசித்தவர் யார்?" என்று கேளுங்கள். "அவள் சொன்னதை உன் வார்த்தையில் சொல் பார்ப்போம்" என்று மூன்றாவது ஆளிடம் கேளுங்கள். முதல் சில நாள் பிள்ளைகள் பயப்படுவார்கள், எப்படித் தெரியும் என்று கேட்டால் பிழை என்று அர்த்தம் என நினைத்துப் பதிலை மாற்றுவார்கள். சரியான பதிலுக்கும் அதையே கேட்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு பழகிவிடும்.

"விளங்குதா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். "விளங்குது டீச்சர்" என்று ஒரே குரலில் வரும் பாட்டுக்கு அர்த்தம் இல்லை. அதற்குப் பதிலாகப் பாடம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது துண்டுத்தாள் கொடுத்து, இன்று விளங்காத ஒன்றைப் பெயர் போடாமல் எழுதச் சொல்கிறேன். அடுத்த நாள் பாடம் அந்தத் தாள்களில் இருந்து தொடங்கும்.

குழு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். எங்கள் பள்ளிபோல ஒரே மண்டபத்தில் தடுப்பில்லாமல் மூன்று வகுப்பு நடக்கும் இடங்களில் சத்தம் பெரிய பிரச்சினை, பக்கத்து ஆசிரியரோடு முன்னரே பேசிக்கொள்ளுங்கள். பேசிப் பார்க்கும் பாடத்தை வெளியே மரத்தடியில் வையுங்கள். மழை நாளில் வேறு வழி இருக்கிறது. தென்மேல் பருவமழை தகரக் கூரையில் அடிக்கத் தொடங்கினால் நான் கத்தினாலும் முதல் வாங்குக்குக்கூடக் கேட்காது. அந்த நாட்களில் எழுத்தில் விவாதம் நடத்துகிறேன். ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுவேன். குழுவுக்கு ஒரு தாள். ஒருவர் தன் கருத்தை எழுதி அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் அதற்குக் கீழே ஒத்துப்போகிறாரா, ஏன் என்று எழுதுவார். வாய் திறக்காத பிள்ளைகள் எழுத்தில் என்ன கூர்மையாகப் பேசுகிறார்கள் என்று அந்த மழை நாட்களில்தான் கண்டேன்.

கணிதத்துக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு

பொருந்தும். ஆறாம் தரத்தில் பின்னத்தை இப்படித் தொடங்கிப் பாருங்கள். ரொட்டி வடிவில் வெட்டிய வட்டத்தாள் மூன்று, ஒரு குழுவில் நான்கு பேர். சமமாகப் பங்கிட வேண்டும், எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். (உண்மையான ரொட்டி வேண்டாம். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.) என் வகுப்பில் ஒரு குழு மூன்று ரொட்டியையும் நான்காக வெட்டி ஆளுக்கு மூன்று துண்டு எடுத்தது. இன்னொரு குழு இரண்டு ரொட்டியை அரை அரையாக்கி, மூன்றாவதை நான்காக்கி, ஆளுக்கு ஓர் அரையும் ஒரு காலும் எடுத்தது. மூன்றாவது குழு ஒவ்வொரு ரொட்டியிலும் ஒரு கால்துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அந்த மூன்று துண்டையும் நான்காவது ஆளுக்குக் கொடுத்தது. மூன்றும் ஒரே பங்குதானா? ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்து ஆம் என்றார்கள். பகுதி, தொகுதி என்ற பேச்சே எடுக்காமல் அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று பலகையில் நின்றது.

அடுத்த கேள்வி இன்னும் நல்லது. மூன்று ரொட்டியை நான்கு பேர் பங்கிடும் வீடு, நான்கு ரொட்டியை ஐந்து பேர் பங்கிடும் வீடு. எந்த வீட்டுப் பிள்ளைக்கு அதிகம்? பொதுப்பகுதி எடுத்து விடை காண்பது நாம் படித்த முறை. ஒரு பிள்ளை சொன்னது: "முதல் வீட்டுல ஆளுக்கு முழு ரொட்டிக்குக் கால் குறையுது, ரெண்டாவது வீட்டுல அஞ்சுல ஒண்ணுதான் குறையுது. கால் பெரிசு, அதனால ரெண்டாவது வீட்டுக்குத்தான் கூட." இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. அவளுடைய வழியை அவளையே பலகையில் வரைந்து காட்டச் சொன்னேன்.

ஒன்பதாம் தரத்து மர உயரப் பாடம் மலைநாட்டுக்கு என்றே அமைந்தது என்று சொல்வேன், ஏனென்றால் புத்தகத்தில் மரம் சமதரையில் நிற்கிறது, எங்களிடம் சமதரையே இல்லை. பாகைமானியின் நேர் விளிம்பில் பழைய பேனாக் குழலை ஒட்டி, நடுவில் நூலும் கல்லும் கட்டினால் சாய்வுமானி. பள்ளிக்குக் கீழே சரிவில் நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தை ஒரு குழு மேலே நின்றும் ஒரு குழு கீழே நின்றும் அளந்தது. நாடாவைத் தரையோடு போட்டுத் தூரம் எடுத்தார்கள், கோணம் எடுத்தார்கள், அளவிடைப் படம் வரைந்தார்கள், கண் உயரத்தைக் கூட்டினார்கள். மேலே நின்ற குழுவுக்கு 15 மீற்றர் சொச்சம். கீழே நின்ற குழுவுக்கு 21½ மீற்றர். ஒரே மரம்.

இரண்டு விடை வருவதுதான் பாடத்தின் நல்ல இடம். அந்த இடத்தில் ஆசிரியர் திருத்தப் போனால் எல்லாம் வீண். "ஒரே மரம் எப்படி ஆறு மீற்றர் வளர்ந்தது?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கினேன். இரண்டு குழுவும் இடம் மாறி நின்று அளந்தன. முடிவுகளும் இடம் மாறின. அப்போது பிழை ஆளில் இல்லை, நிற்கும் இடத்தில் என்று புரிந்தது. ஒரு பையன் தரையில் குச்சியால் சரிவை வரைந்து, கண்ணிலிருந்து கிடைக்கோடு போட்டு, அது மரத்தில் எங்கே போய் முட்டுகிறது என்று காட்டினான். மேலே நிற்பவருக்கு அது மரத்தின் அடியிலிருந்து வெகு உயரத்தில், கீழே நிற்பவருக்கு மரத்தின் அடிக்கும் கீழே. வெறும் கண் உயரத்தைக் கூட்டினால் எப்படிச் சரிவரும்? மரத்தின் உச்சிக்கு மட்டும் இல்லாமல் அடிக்கும் கோணம் எடுக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்ற சொற்களை அங்கே கொடுத்தேன்.

தூரம் இன்னொரு சிக்கல். சரிவோடு நாடா போட்டால் கிடைத்தூரம் கிடைக்காது. மேசன் வேலை செய்யும் ஒருவரின் மகன் சொன்னான், "படிக்கட்டு மாதிரி அளக்கலாம் டீச்சர்." இரண்டு மீற்றர்க் கம்பை மட்டமாகப் பிடித்தான். மட்டம் பார்க்கப் பாதி தண்ணீர் ஊற்றி மூடிய போத்தலை அதன்மேல் படுக்க வைத்தான். கம்பின் முனையிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, கல் தொட்ட இடத்திலிருந்து அடுத்த கம்பு. ஆறு படியில் 12 மீற்றர். இப்போது ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு மீற்றர் என்று படம் வரைந்தார்கள். மேல் குழுவுக்கு உச்சிக்கு 49 பாகை, அடிக்கு இறக்கம் 20 பாகை, உயரம் 18.2 மீற்றர். கீழ் குழுவுக்கு உச்சிக்கு 58 பாகை, அடிக்கும் ஏற்றம்தான் 8 பாகை, உயரம் 17.5. ஆறு மீற்றர் வித்தியாசம் ஒரு மீற்றருக்குள் வந்துவிட்டது. மீதி எங்கிருந்து என்று கேட்டால் கை நடுக்கம், காற்றில் ஆடும் நூல் என்று காரணங்களை அடுக்கினார்கள். படிக்கட்டு வழியைச் சொன்ன அந்தப் பையன் அதுவரை கணிதத்தில் 30 புள்ளிக்கு மேல் எடுத்ததில்லை.

நேரத்துக்கும் பரீட்சைக்கும்

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். அலகின் குறியீடு, மூலகத்தின் பெயர், வரைவிலக்கணம் இவையெல்லாம் மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டவை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, நேரே சொல்லுங்கள். ஒரு தவணைக்கு இரண்டு தேடல் பாடம் என்று தொடங்குங்கள். 40 நிமிடப் பாடவேளை போதாது, இரட்டைப் பாடவேளை உள்ள நாளைத் தெரிவு செய்யுங்கள். பாதியில் மணி அடித்தால் அவசரப்பட்டு முடிவைச் சொல்லிவிடாதீர்கள். கேள்வியை அப்படியே சுவரில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர், பலகை வெறுமையாக இருக்கிறதே, என்ன படிப்பித்தீர்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பிள்ளைகளின் கொப்பியைக் காட்டினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம்: நான் நினைத்தது, நான் செய்தது, நான் கண்டது, இப்போது நினைப்பது. நினைத்தது பேனாவில், அழிக்கக் கூடாது. பிழையான எதிர்வுகூறலுக்குப் புள்ளி குறைக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் பயப்படும் பெற்றோருக்கும் அந்தக் கொப்பிதான் பதில். பரிசோதனை பற்றிய வினாவில், ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனை ஏன் வைக்கப்பட்டது என்று கேட்டால், பனிக்காலையிலும் வெயில் பகலிலும் தண்ணீர் கொதிக்க வைத்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவைப்படாது.

என்னிடம் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது. துணியில் சுற்றிய வெப்பமானி மூன்று, பாகைமானி, நூல், பேனாக் குழல்கள், அளவு நாடா, மெழுகுதிரி, சின்னத் தராசு, வட்டத்தாள்கள். மாறிப் போகும் பள்ளிக்கெல்லாம் அது என்னோடு வருகிறது. அதைப் பிள்ளைகளே திறந்து எடுத்து, திரும்ப வைக்கட்டும். பூட்டி வைத்த சாமானைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்தத் தவணை எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் கேள்வி, பருப்பு வேகாத கதையைச் சொன்ன அதே பிள்ளையுடையது: "பிரஷர் குக்கருக்குள்ள எத்தனை பாகை?" உள்ளே வெப்பமானி வைக்க முடியாது, மூடியைத் திறக்கவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படியானால் ஒரே அளவு பருப்பை ஒரே அளவு தண்ணீரில், சாதாரணப் பானையிலும் குக்கரிலும் பெரியவர்களைக் கொண்டு வேகவைத்து நேரம் பார்க்கலாம் என்றாள். ஆறு வீடுகளில் செய்யப் போகிறார்கள். பருப்பு வெந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. விரலால் நசுக்கினால் போதும் என்கிறது ஒரு குழு, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நசுக்குவார்களா என்கிறது மற்றது. வெள்ளிக்கிழமை இரட்டைப் பாடவேளையை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.